ஒரே நோய், கொல்லைக்குக் கொல்லை வேறு சேதம்: ஊர்ச் சராசரி போட்டு எங்களை ஏமாற்றாதே!



மாசிப் பட்டத்தில் எள் போட்டவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். செடி நன்றாகத்தான் வரும். பூக்கிற நேரத்தில் பார்த்தால் பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகச் சின்னச் சின்ன இலை கொத்துக் கொத்தாக நிற்கும். காய் பிடிக்காது. செடி மட்டும் துடைப்பம் மாதிரி தழைத்துக்கொண்டே போகும். நம் சனங்கள் "எள்ளு மலடாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிவிடுவார்கள். வேளாண்மைத் துறைக்காரர்கள் இதைப் பூவிலை நோய் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருத்தர் கொல்லையில் பாதிக்கு மேல் போயிருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் பத்துச் செடி இருபது செடிதான் போயிருக்கும். அடுத்த ஊரில் அதே விதை, அதே பட்டம், ஒன்றும் இருக்காது. ஒரே நோய்தான், ஆனால் ஒருத்தர் குடியே முழுகுகிறது, இன்னொருத்தருக்குக் கிள்ளிப் பார்த்த மாதிரி போய்விடுகிறது. ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் அலுவலகத்தில் போய் நின்றால் நம்மால் வாதாட முடிவதில்லை. "பக்கத்துக் கொல்லை நல்லாத்தானே இருக்கு, நீங்க மருந்து அடிக்கலை" என்று ஒரே வார்த்தையில் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தப்பு நம்முடையது என்று நாமும் தலையைக் குனிந்துகொண்டு வருகிறோம்.

இனிமேல் தலை குனிய வேண்டியதில்லை. விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். தெரிந்துகொண்டு கேட்போம்.

இது பூஞ்சாணம் அல்ல, வைரசும் அல்ல

இந்த நோயைக் கொண்டுவருவது பைட்டோபிளாஸ்மா என்கிற ஒருவகை பாக்டீரியா. மற்ற பாக்டீரியாவுக்கு இருக்கிற மேல்சுவர் இதற்குக் கிடையாது. இலையில் தயாராகிற சாப்பாடு வேருக்கும் காய்க்கும் போகிற குழாய்க்குள்ளேதான் இது குடியிருக்கும். 1967 வரை உலகம் முழுக்க இதை வைரஸ் என்றே நினைத்தார்கள். அந்த வருடம் ஜப்பான் விஞ்ஞானிகள்தான் இது வேறு என்று கண்டுபிடித்தார்கள்.

இது தானாகப் பறக்காது, காற்றில் வராது. சாறு உறிஞ்சுகிற தத்துப்பூச்சி நோய்ச்செடியில் வாயை வைக்கும்போது அதன் உடம்புக்குள் போகிறது. அங்கே இரண்டு மூன்று வாரம் பெருகி, பூச்சியின் எச்சிலுக்கு வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பூச்சி சாகும்வரை, வாய் வைக்கிற செடிக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே போகும்.

எள்ளில் பூவிலை நோய், கத்தரியில் சிற்றிலை நோய், கரும்பில் தூரெல்லாம் வெளுத்துப் புல்லாட்டம் வெடிக்கிற நோய், தென்னையில் கேரளா வாடல் நோய், எல்லாம் இந்தக் குடும்பம்தான். கத்தரிச் சிற்றிலை நோயை இந்தியாவில் 1939-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் கத்தரி போட்ட நம் தாய்மார்கள் இலை சிறுத்துப்போன செடியைக் கொண்டுபோய்க் காட்டினால் கடையில் என்ன தருகிறார்கள்? பூஞ்சாணத்துக்கு அடிக்கிற மருந்தைத் தருகிறார்கள். செடியின் குழாய்க்குள் இருக்கிற பாக்டீரியாவை இலைமேல் அடிக்கிற பூஞ்சாணக்கொல்லி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. டெட்ராசைக்ளின் என்கிற மருந்துக்கு மட்டும் இது கொஞ்ச நாள் அடங்கும், நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். எள்ளுக்கும் கத்தரிக்கும் அதைச் செலுத்திக் கட்டுபடியாகுமா? நோய் உள்ளே போன செடியைக் காப்பாற்ற நம் கையில் வழி இல்லை. இதுதான் உண்மை.

ஒரு கொல்லை போகுது, ஒரு கொல்லை நிக்குது. ஏன்?

முதல் காரணம், கிருமியிலேயே சாது உண்டு, மூர்க்கம் உண்டு. கொரோனாவில் பார்த்தோம் அல்லவா? 2021-ல் வந்த டெல்டா ஆளைச் சாய்த்தது. 2022-ல் வந்த ஒமைக்ரான் பலருக்குச் சளி காய்ச்சலோடு போனது. அது வைரஸ், இது பாக்டீரியா. ஆனால் சங்கதி ஒன்றுதான். ஜப்பானில் வெங்காயத்தில் வருகிற பைட்டோபிளாஸ்மாவில் கடுமையான வகை ஒன்று, அதிலிருந்தே பிரிந்த லேசான வகை ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடுமையான வகையில், சர்க்கரையைத் தின்று தீர்க்கிற வேலைக்கான மரபணுக்கள் இரட்டையாக இருந்தன. வயிறு இரண்டு இருக்கிறவன் பந்தியில் உட்கார்ந்த கதைதான். செடியின் சாப்பாட்டை வேகமாகக் காலிசெய்துவிடும். நம் நாட்டில் எள்ளில் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டோபிளாஸ்மா வகைகள் பதிவாகியிருக்கின்றன. வெளியே பார்த்தால் எல்லாம் பச்சைப் பூதான். உள்ளே இருக்கிற ஆள் வேறு.

இரண்டாவது, எந்த வயதில் பிடித்தது என்பது. பூக்கிறதுக்கு முன்னாடியே பூச்சி கடித்த எள்ளுச் செடியில் ஒரு காயும் மிஞ்சாது. பாதிக் காய் பிடித்தபிறகு கடித்திருந்தால் நுனி மட்டும் பச்சையாகும், அடிக்காய் தேறும். பத்து நாள் முன்பின் விதைத்த இரண்டு கொல்லையில் சேதம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்க இதுவே போதும்.

மூன்றாவது, பூச்சிக் கணக்கு. வெயில் ஏறி மழை இல்லாமல் காயும்போது தத்துப்பூச்சி பெருகும். பக்கத்தில் தரிசும் களையும் நோய்பட்ட பழைய செடியும் கிடந்தால் அங்கே தங்கி நம் கொல்லைக்கு வரும். ஓரத்தில் இருக்கிறவனுக்கு முதல் அடி.

நான்காவது, ரகமும் பயிரின் பலமும். கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடவுக் கரும்பில் அங்கொன்று இங்கொன்றாகத் தெரிகிற நோய், கட்டைக் கரும்பு விட்டால் தூருக்குத் தூர் வெடிக்கும். ஏனென்றால் கட்டையிலேயே கிருமி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து கரணை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தால் நோயைக் கட்டுக்கட்டாகக் கொடுத்த மாதிரி.

ஆக, "பக்கத்துக் கொல்லை நல்லா இருக்கே" என்பது நம் சோம்பலுக்குச் சாட்சி அல்ல. இந்த நோயின் குணமே அதுதான். பூச்சி சாகும்முன்பே கடித்து நோயைக் கொடுத்துவிட்டுத்தான் சாகிறது. என் கொல்லையில் நான் மருந்து அடித்தாலும் வரப்பு தாண்டி வருகிற பூச்சிக்கு நான் எப்படி வேலி போட முடியும்?

சராசரி என்கிற கண்கட்டு வித்தை

இப்போது சர்க்காரின் கணக்குக்கு வருவோம். 2016-ல் பிரதமர் பெயரில் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பிரீமியம் கட்டச் சொல்லும்போது எள் என்றால் எண்ணெயாக நிற்கிறார்கள். நம்மிடம் சம்பாவுக்கு, குறுவைக்கு, பணப்பயிருக்கு என்று 1.5 சதம், 2 சதம், 5 சதம் வாங்குகிறார்கள். தடுக்க முடியாத பூச்சி, நோய் இரண்டுக்கும் காப்பீடு உண்டு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நல்லது. ஆனால் சேதத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? அறிவிக்கப்பட்ட வட்டாரத்தில் சில வயலைப் பொறுக்கி எடுத்து அறுவடைப் பரிசோதனை செய்து, அதன் சராசரியை எல்லார் தலையிலும் கட்டுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 10 பேர், ஆளுக்கு 1 ஏக்கர். வழக்கமாக ஏக்கருக்கு 4 மூட்டை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்து 2 பேர் கொல்லை முழுசாகப் போய்விட்டது. மற்ற 8 பேருக்கு 4 மூட்டை வந்தது. மொத்தம் 32 மூட்டை. சராசரி 3.2 மூட்டை. காப்பீட்டு உத்தரவாதம் 80 சதம் என்றால் 4 மூட்டையில் 80 சதம் எவ்வளவு? அதே 3.2 மூட்டை. "உங்க ஊர்ல உத்தரவாதத்துக்குக் கீழே போகலை" என்று கணக்கை மூடிவிடுவார்கள். ஒரு படி எள்கூட எடுக்காத அந்த 2 பேருக்கும் கிடைப்பது சுத்த சைபர்!

வறட்சி வந்தால் ஊரே காயும், அதற்குச் சராசரி ஓரளவு பொருந்தும். வரப்புக்கு வரப்பு மாறுகிற நோய்க்குச் சராசரி எப்படிப் பொருந்தும்? ஒருத்தர் காலை அடுப்பிலும் தலையை ஐஸிலும் வைத்துவிட்டு, சராசரியாக அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்று சொல்கிற கணக்கு அல்லவா இது?

"ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்க்க ஆள் ஏது?" என்று கேட்பார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். அதே காப்பீட்டுத் திட்டத்தில் வயலில் வெள்ளம் தேங்கினால், ஆலங்கட்டி மழை அடித்தால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் தனித்தனி வயலாகப் பார்க்க விதி இருக்கிறதா இல்லையா? அதற்கு ஆள் உண்டு, இதற்கு மட்டும் இல்லையா? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நம்மைப் புரட்டிப்போட்டது. கீரமங்கலத்திலும் வடகாட்டிலும் நெடுவாசலிலும் கொத்தமங்கலத்திலும் விழுந்த தென்னைக்கு, மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அறிவித்தார்களே, மரத்தை எண்ணித்தானே கொடுக்க வேண்டியிருந்தது? எண்ண மனசு இருந்தால் எண்ணலாம்.

காப்பீட்டை விட்டால் இன்னொரு வழி பேரிடர் நிவாரணம். அந்தப் பட்டியலில் "பூச்சித் தாக்குதல்" என்று இருக்கிறது. பூச்சி தின்றால் பேரிடர், பூச்சி கடித்து நோய் கொடுத்தால் அது வேறு என்று யாராவது பிரித்துப் பேசினால் அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பூச்சி இல்லாமல் இந்த நோய் ஒரு வரப்பைக்கூடத் தாண்டாது. அடுத்தது, 33 சதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் நிவாரணம். 32 சதம் போனவனுக்கு ஒன்றுமில்லை, 33 போனவனுக்கும் 100 போனவனுக்கும் ஒரே தொகை. அந்தத் தொகையாவது எவ்வளவு? 2022 முதல் 2026 வரைக்கு ஒன்றிய அரசு வகுத்தது மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்குப் பார்த்தால் 3,400 சொச்சம். உழவுக்கும் விதைக்கும் களை வெட்டுக்கும் போட்டது திரும்புமா?

தென்னை வைத்திருக்கிறவர்களே, கேளுங்கள்

எள் ஒரு பட்டத்தோடு போகும். தென்னை அப்படி இல்லை. 1882-ல் கேரளத்தில் பெருவெள்ளத்துக்குப் பிறகு மீனச்சில் வட்டம் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் ஒரு வாடல் தெரிந்தது. நூறு வருடம் காரணம் புரியாமல் இருந்தது. 1983-ல்தான் உள்ளே இருப்பது பைட்டோபிளாஸ்மா என்று பார்த்தார்கள். பரப்புகிறவை கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். 1984-85-ல் எடுத்த கணக்கில், வருடத்துக்கு 96 கோடியே 80 லட்சம் தேங்காய் நஷ்டம் என்று எழுதினார்கள். இந்த நோய் மலை தாண்டி கன்னியாகுமரி, தென்காசி, தேனிக்கு வந்தது. கோவையில் ஆனைமலை, பொள்ளாச்சித் தோப்புகளில் புகுந்து விவசாயிகள் மரத்தை வெட்டிச் சாய்க்கிற நிலைமை வந்துவிட்டது.

இந்த நோயும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஜமைக்காத் தீவில் தென்னைக்கு வந்த மஞ்சள் நோயும் பைட்டோபிளாஸ்மாதான். அது சில மாதத்தில் மரத்தைக் கொன்று மொட்டைக் கம்பமாக்கிவிடும். கேரளா வாடல் கொல்லாது. ஓலை தொய்ந்து, ஓலைக்கீற்று விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளையும், பழுக்கும், ஓரம் கருகும், வருடா வருடம் காய் குறையும். நல்ல மரம் மாதிரியே நின்றுகொண்டு தண்ணீரும் உரமும் தின்னும், பக்கத்து மரத்துக்கு நோயும் கொடுக்கும். காய்ப்புக்கு வராத இளங்கன்றில் பிடித்தால் பாளை விடுவதே தள்ளிப்போகும்.

நமக்குத் தெரிந்த தஞ்சாவூர் வாடல் இது இல்லை. 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் தெரிந்த அந்த நோய் மண்ணிலிருக்கிற பூஞ்சாணத்தால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியும். அதற்கு வேப்பம் புண்ணாக்கும் போர்டோ கலவையும் பலன் தரும். கேரளா வாடலுக்கு அதை ஊற்றினால் காசுதான் கரையும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆள் வேண்டாமா?

ஓலை எவ்வளவு தொய்வு, எவ்வளவு பழுப்பு, எவ்வளவு கருகல் என்று மார்க் போட்டு, லேசு, நடுத்தரம், முற்றியது என்று மரத்தைத் தரம் பிரிக்க விஞ்ஞானிகள் 1970-களிலேயே ஓர் அளவுகோல் செய்துவிட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிற அந்த அளவுகோல் கலெக்டர் ஆபீசுக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை? நோயின் கடுமையை அளக்க முடியும் என்று படித்தவர்களே சொல்லிவிட்டார்கள். அளந்தால் பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இவர்கள் பயம்!

பேரிடர் விதிப்படி பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய். எக்டேருக்கு 175 மரம் என்றால் மரத்துக்கு 128 ரூபாய். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவுத் திட்டத்தில் வெட்டுகிற மரத்துக்கு 1,000 ரூபாய், அதுவும் எக்டேருக்கு 32 மரத்துக்கு மேல் இல்லை என்று வைத்தார்கள். 33-வது மரத்தை எவன் வெட்டுவான்? வெட்டாமல் விட்டால் அந்த மரம்தான் ஊருக்கே நோய்ப்பண்ணை. இலங்கையில் வெலிகமப் பக்கம் 2006-ல் தென்னை ஓலை வாடல் தெரிந்தபோது, அந்த நாட்டில் எல்லை போட்டு, நோய் மரங்களை வெட்டி, அங்கிருந்து கன்று வெளியே போகத் தடை போட்டார்கள். நம்மிடம் கஜாவுக்குப் பிறகு என்ன நடந்தது? வெறிச்சோடிப்போன கொல்லையைப் பார்க்கச் சகிக்காமல், கன்று எந்த ஊரிலிருந்து வந்தது, தாய்மரம் எது என்று கேட்காமலேயே வாங்கி நட்டோம். கேட்டுச் சொல்ல யாரும் வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய நாங்கள் தயாராக இல்லை.

நம் வீட்டையும் கூட்டுவோம்

சர்க்காரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பச்சைப் பூ விட்ட எள்ளுச் செடியை "அதுபாட்டுக்கு நிக்கட்டும்" என்று விடுகிறோமே, அது நம் தப்பு. கண்டதும் பிடுங்கிக் கொளுத்த வேண்டும், ஊரே ஒன்றாகச் செய்ய வேண்டும். ஒருத்தர் மட்டும் செய்தால் பலனில்லை. 6 வரிசை எள்ளுக்கு 1 வரிசை துவரை போடச் சொல்லிப் பல்கலைக்கழகம் பரிந்துரை வைத்திருக்கிறது, அதைச் செய்து பார்ப்போம். புல்லாக வெடித்த கரும்புக் காட்டிலிருந்து கரணை எடுக்க வேண்டாம், அதைக் கட்டைக்கும் விட வேண்டாம். நோய் தெரிந்த நாள், பயிரின் வயது, எத்தனை செடிக்கு எத்தனை செடி என்பதை ஒரு நோட்டில் எழுதி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு நம் கையில் இருக்கப்போகிற ஆயுதம் அதுதான்.

எங்கள் கோரிக்கைகள்

1. பூச்சி பரப்பும் நோய்களுக்குப் பயிர்க் காப்பீட்டில் தனித்தனி வயலாகச் சேதம் பார்! ஊர்ச் சராசரியை ரத்து செய்!

2. பேரிடர் நிவாரணத்தில் "பூச்சித் தாக்குதல்" என்பதில் பூச்சி பரப்பும் நோயையும் வெளிப்படையாகச் சேர்! 33 சதம் என்ற ஒரே கோட்டை எடுத்துவிட்டு, லேசு, நடுத்தரம், முற்றியது என்று கடுமைக்குத் தக்கபடி நிவாரணம் கொடு!

3. நம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளை ஊர் ஊராகப் பார்த்துக் கேரளா வாடல் இருக்கிறதா என்று பகிரங்கமாக அறிவி! நோய் மரம் வெட்ட, எண்ணிக்கை வரம்பு இல்லாமல், கஜாவுக்குக் கொடுத்த 1,100 ரூபாய்க்குக் குறையாமல் இன்றைய விலைவாசிக்கு ஏற்பக் கொடு!

4. தாய்மரத்தின் ஊர் எழுதாத தென்னங்கன்றை எந்த நர்சரியும் விற்கக் கூடாது! நோய்ப் பகுதிக்கென்று 2012-ல் வெளியிட்ட கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற ரகங்களை வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் வழியாக நம் மண்ணில் சோதித்துச் சொல்!

5. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதே பி.சி.ஆர். சோதனையில்தான் இந்த நோயும் பிடிபடும். வம்பனில் விவசாயிக்குக் கட்டணமில்லாமல் அந்த வசதி செய்! தத்துப்பூச்சி ஏறுகிற வாரத்தில் ஊருக்கு எச்சரிக்கை கொடு!

6. கரும்புக் கரணையைச் சூடான நீராவியில் 50 டிகிரியில் 1 மணி நேரம் நேர்த்தி செய்து கொடுப்பது ஆலைகளின் பொறுப்பு என்று உத்தரவு போடு!

7. இந்த நோய்க்குப் பூஞ்சாணக்கொல்லி விற்று விவசாயி காசைப் பறிக்கிற கடைகள்மேல் நடவடிக்கை எடு!

விவசாயிகளே! 2017-ல் நெடுவாசலில் நாம் மரத்தடியில் நாள்கணக்காக உட்கார்ந்தோம். ஹைட்ரோகார்பன் என்றால் என்ன என்று அதற்கு முன் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டோம், உட்கார்ந்தோம், நாடே திரும்பிப் பார்த்தது. 2020-ல் நம் மாவட்டத்தின் 5 ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் சேர்த்தார்கள். அது நாம் உட்கார்ந்ததால் வந்தது, யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல.

வேளாண் மண்டலம் என்று பலகை வைத்தால் போதாது. அந்த மண்டலத்தில் பயிர் நோயால் போனவனுக்கு அவன் இழந்ததை அளந்து கொடுக்க வேண்டும். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு, நோய்பட்ட செடியை வேரோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். தென்னங்கீற்று கொண்டு வாருங்கள். எழுதி வைத்த நோட்டைக் கொண்டு வாருங்கள். சராசரி பேசுகிறவர்கள் மேசையில் நம் கொல்லையை வைப்போம்.

பூச்சி வரப்புப் பார்த்து வருவதில்லை! சாதி, கட்சி பார்த்தும் வருவதில்லை! நாமும் பார்க்காமல் திரள்வோம்!

என் கொல்லை போனால் என் கொல்லையைப் பார்! ஊர்ச் சராசரி வேண்டாம்!

திரண்டு வாரீர்! வெல்வோம்!

இப்படிக்கு,
விவசாயிகள் சங்கம்,
புதுக்கோட்டை மாவட்டம்.